லிப்ரேவுல்ஃப்: அன்றாட உலாவியாக வைத்துக்கொள்ள முடியுமா?

#1 பனையோலை

குரோமிலிருந்து வெளியேற நினைப்பவர்களிடம் இங்கே அடிக்கடி சொல்லப்படும் பெயர் லிப்ரேவுல்ஃப். ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை எடுத்து, மொசில்லாவுக்குத் தகவல் அனுப்பும் பகுதிகளை அகற்றி, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்து, தனியுரிமை அமைப்புகளை முன்கூட்டியே இறுக்கித் தருகிறார்கள் என்பது வரை எல்லாப் பதிவுகளிலும் இருக்கிறது. அதற்கு அடுத்த படி எங்கும் தெளிவாக இல்லை. விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டிலும் நிறுவிப் பார்க்கப் போகிறேன். எந்த அமைப்பைத் தொடலாம், எதைத் தொட்டால் அதைப் போட்டதற்கே பொருளில்லாமல் போகும், எந்தத் தளங்கள் உடையும், ஏன் உடையும்? வங்கித் தளங்கள், தமிழ் எழுத்துரு, கடவுச்சொல் மேலாளர் இந்த மூன்றும் ஓடினால் அன்றாடத்துக்குப் போதும். விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

#2 தெற்குவாசல்

முதலில் எங்கிருந்து இறக்குவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரபூர்வ தளத்தின் முகவரி டாட் நெட் என்று முடியும். அதே பெயரில் வேறு முடிவு கொண்ட தளம் எது கண்ணில் பட்டாலும் அங்கே இறக்க வேண்டாம். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, மென்பொருள் நிறுவும் விங்கெட் கட்டளை வழியாகப் போடுவது நல்லது. போலித் தளம் என்ற கேள்விக்கே இடமில்லை. மின்டில் இரண்டு வழிகள். ஃப்ளாட்ஹப்பிலிருந்து ஃப்ளாட்பாக், அல்லது எக்ஸ்ட்ரெப்போ கட்டளையால் அவர்களுடைய களஞ்சியத்தைச் சேர்த்து ஆப்ட் மூலம் நிறுவுவது. கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் மேலாளர் வைத்திருப்பவர்கள் இரண்டாவது வழிக்கே போங்கள். ஃப்ளாட்பாக் கூண்டுக்குள் இருக்கும் உலாவி, வெளியே ஓடும் கடவுச்சொல் மேலாளரோடு பேச முடியாமல் திணறும்.

புதுப்பித்தல்தான் பலர் கோட்டைவிடும் இடம். ஃபயர்ஃபாக்ஸைப் போல விண்டோஸில் லிப்ரேவுல்ஃப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நிறுவும்போது வின்அப்டேட்டர் என்ற கூடுதல் கருவிக்கு டிக் கேட்கும். அதைப் போட்டாக வேண்டும். போட மறந்தால் விங்கெட்டின் அப்கிரேட் கட்டளையை நீங்களே ஓட்ட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் நான்கு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு விடுகிறது, இடையில் பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். மூன்று பதிப்புகள் பின்தங்கிய தனியுரிமை உலாவியைவிட அன்றன்று புதுப்பித்த குரோம் பாதுகாப்பானது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 'அபவுட்' பெட்டியில் தெரியும் பதிப்பு எண்ணையும் ஃபயர்ஃபாக்ஸின் நடப்பு எண்ணையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறுவியவுடன் கிடைக்கும் நிலை இது. மூடும்போது குக்கீகளும் வரலாறும் அழியும். கணினியின் தனித்தன்மைகளை வைத்துத் தளங்கள் ஆளை அடையாளம் காண்பதைத் தடுக்கும் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங் இயங்கும். டிஆர்எம் (கட்டணப் படத் தளங்களின் நகல் காப்பு), ஃபயர்ஃபாக்ஸ் சின்க் (கருவிகளுக்கிடையே ஒத்திசைவு), கூகுள் சேஃப் பிரவுசிங் (ஆபத்தான தளங்களுக்கான எச்சரிக்கை) மூன்றும் அணைந்திருக்கும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்காது. தேடுபொறி டக்டக்கோ. எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கங்களுக்கு எச்சரிக்கை வரும். செட்டிங்ஸில் லிப்ரேவுல்ஃப் என்றே தனித் தாவல் இருக்கிறது. சின்க், வெப்ஜிஎல், ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங், லெட்டர்பாக்சிங் போன்றவற்றை அங்கேயே மாற்றலாம். நுண்ணிய அமைப்புகள் இருக்கும் அபவுட் கான்ஃபிக் பக்கத்துக்குள் நுழைய வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வராது.

பழைய உலாவியிலிருந்து புத்தகக்குறிகளை மட்டும் எடுத்து வாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தி, புத்தகக்குறிகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து இங்கே இறக்கினால் முடிந்தது. பழைய புரொஃபைல் கோப்புறையை அப்படியே நகல் எடுத்து ஒட்டுவது தவறு. பழைய அமைப்புகளும் பழைய குக்கீகளும் கூடவே குடியேறும். கடவுச்சொற்களை சிஎஸ்வி கோப்பாக எடுத்தால், அது யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் உரை. மேலாளருக்குள் ஏற்றியதும் அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும்.

நீட்சிகள்: யூபிளாக் ஆரிஜின் இருக்கிறது, அது போதும். இன்னொரு விளம்பரத் தடுப்பான் சேர்த்தால் இரண்டும் ஒரே கோரிக்கையில் குறுக்கிட்டு, பக்கம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் செய்யும். தமிழ்த் தளங்களுக்காக யூபிளாக்கின் ஃபில்டர் லிஸ்ட்ஸ் தாவலில், நாடுகள் மொழிகள் பகுதிக்குள் இருக்கும் இந்தியன்லிஸ்ட்டை டிக் செய்து அப்ளை கொடுங்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் விளம்பரம் போனபின் மிஞ்சும் வெற்றுப் பெட்டிகள் குறையும்.

#3 நொச்சி

தெற்குவாசல் ஐயா சொன்ன ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்கைக் கொஞ்சம் விரிக்கிறேன். "இந்தத் தளம் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

நேரம். தளங்கள் உங்கள் நேர மண்டலத்தைக் கேட்டால் உலாவி யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று பதில் சொல்லும். நமக்கு ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். இணைய அரட்டையில் மாலை 6 மணிக்கு வந்த செய்தி பகல் 12:30 என்று தெரியும். கணினியின் கடிகாரம் சரியாகத்தான் இருக்கும். அதைத் திருத்தப் போனால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தகராறு செய்யும். காலண்டர், டிக்கெட் முன்பதிவு, கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் பக்கங்கள் எல்லாவற்றிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். பார்ப்பதற்குத் தப்பாகத் தெரிவது ஒரு தொல்லை. நீங்களே நேரத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கும்போது தப்பான நேரம் பதிவாவது அதைவிடப் பெரிய தொல்லை.

படங்கள். கோப்பை அப்படியே ஏற்றும் தளங்களில் சிக்கல் வராது. ஏற்றும் முன் பக்கத்திலேயே வெட்டிச் சுருக்கும் தளங்களில், குறிப்பாக விண்ணப்பப் படிவங்களில் புகைப்படமும் கையெழுத்தும் போடும் இடங்களில், படம் வண்ணக் கோடுகளாகப் போய்ச் சேரும். கேன்வாஸ் என்ற வரைபலகையிலிருந்து தளம் தரவைத் திருப்பி எடுக்கும்போது, உண்மையான பிக்சல்களுக்குப் பதிலாக உலாவி குப்பைத் தரவைக் கொடுக்கிறது. முகவரிப் பட்டையின் இடப்பக்கம் சிறிய படச் சின்னம் தெரியும். அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். சின்னம் வரவில்லை என்றால், லிப்ரேவுல்ஃப் தாவலில் கேன்வாஸ் கோரிக்கைகளைக் கேட்காமலே மறுக்கும் தேர்வு ஒன்று உண்டு, அந்த டிக்கை எடுக்க வேண்டும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். அழிந்த படத்தோடு போன விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வழியிருக்காது.

இருள் தோற்றத்தைக் கணினியில் வைத்திருந்தாலும் தளங்களுக்கு வெளிச்சத் தோற்றம் என்றே சொல்லும். வெப்ஜிஎல் அணைந்திருந்தால் முப்பரிமாண வரைபடங்கள் வெறுமையாக வரும்.

#4 கடலோரம் (யாழ்ப்பாணம்)

எழுத்துரு பற்றி ஒரு கேள்வி. எங்கட பக்கத்துப் பழைய இணையப் பக்கங்கள் சில இன்னும் பாமினியில்தான் கிடக்குது. பாமினியைக் கணினியில் நிறுவி வைத்தால் ஃபயர்ஃபாக்ஸில் வாசிக்கலாம். லிப்ரேவுல்ஃபில் அதே பக்கம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வருகுது. எழுத்துரு நிறுவியே இருக்குது, வேர்டில் பாவிக்கலாம். என்ன காரணம்?

#5 தெற்குவாசல்

கடலோரம், உங்கள் எழுத்துருவில் பிழை இல்லை. உலாவி அதை மறைக்கிறது.

ஒரு கணினியில் எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன என்பது ஆளை அடையாளம் காட்டும் தகவல். பாமினியும், டிஸ்கி, டாப் என்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களின் எழுத்துருக்கள் சிலவும் ஒரே கணினியில் இருப்பது உலகத்தில் மிகச் சிலருக்கே பொருந்தும். தளத்துக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதில்லை, அந்தச் சேர்க்கை தெரிந்தால் போதும். அதனால் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங் இயங்கும்போது, இயங்குதளத்தோடு எல்லாருக்கும் வரும் அடிப்படை எழுத்துருக்களை மட்டுமே பக்கங்கள் பயன்படுத்த முடியும். நீங்களாக நிறுவியவை இல்லாதவை போலவே நடத்தப்படும். விண்டோஸில் நிர்மலா யூஐ அடிப்படைப் பட்டியலில் இருப்பதால் யூனிகோட் தமிழ் எப்போதும் ஒழுங்காகத் தெரியும். லதா, விஜயா இரண்டும் விண்டோஸ் 10 முதல் கூடுதல் மொழித் தொகுப்போடு வருபவை; அவற்றை நம்பி வடிவமைத்த பக்கங்களில் எழுத்து நிர்மலாவுக்கு மாறும், அவ்வளவுதான், படிக்க முடியும். பாமினி கதை வேறு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த குறியேற்றம் அது. எழுத்துரு போனால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

பக்கமே தன் எழுத்துருவை வலையிலிருந்து அனுப்பினால் தடையில்லை. எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப்களுக்கும் தடையில்லை. கணினியில் இருக்கும் பாமினியை எதிர்பார்க்கும் பக்கங்கள்தான் கெடும். அவற்றுக்காக எழுத்துருத் தடையை எடுக்காதீர்கள். உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கிப் படிக்கலாம். அடிக்கடி தேவைப்பட்டால் சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி அமைப்பும் இதோடு சேர்ந்ததுதான். தளங்களுக்கு உலாவி அனுப்பும் விருப்ப மொழிப் பட்டியலில் தமிழை முதலில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்கவா என்று உலாவி கேட்டால் ஆம் என்று சொல்வதில் இழப்பு அதிகமில்லை. தமிழ் விக்கிப்பீடியா, செய்தித் தளங்கள் எல்லாம் முகவரியை வைத்தே தமிழில் திறக்கின்றன, இந்தப் பட்டியலைப் பார்த்து அல்ல.

தமிழில் தட்டச்சு செய்ய நீட்சி போடுபவர்களுக்கும் ஒரு சொல். அந்த வகை நீட்சி எல்லாத் தளங்களிலும் நீங்கள் தட்டுவதைப் படிக்கும் அனுமதியைக் கேட்கும். கொடுத்தால் கடவுச்சொல் பெட்டியும் அதில் அடக்கம். இ-கலப்பை, விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகை, லினக்ஸில் ஐபஸ் என்று இயங்குதள மட்டத்தில் வேலை செய்பவற்றை வைத்துக்கொண்டால் உலாவியில் எதுவுமே சேர்க்க வேண்டியதில்லை.

#6 ஆலங்குடியான்

எல்லாம் சரி. ஆனால் வீட்டில் அப்பா அம்மா பயன்படுத்தும் கணினியில் இதைப் போட்டால் மறுநாளே "வங்கி திறக்கவில்லை, படம் ஓடவில்லை" என்று அழைப்பு வரும். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிரேவ். குரோமியம் அடிப்படை என்பதால் தளங்கள் உடைவது குறைவு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஃபிங்கர்பிரின்டிங்கையும் அது வேறு விதமாகக் கையாளுகிறது: எல்லாரையும் ஒரே மாதிரி காட்டுவதற்குப் பதிலாக, கேன்வாஸ், ஒலி போன்ற மதிப்புகளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு அமர்வுக்கும் வேறுபடும் சிறு மாற்றத்தைக் கலந்து தருகிறது. அதனால் நேரமும் இருள் தோற்றமும் கெடுவதில்லை.

நிறுவியதும் செய்ய வேண்டியவை: ரிவார்ட்ஸ், வாலட், நியூஸ், லியோ (செயற்கை நுண்ணறிவு உதவியாளர்) நான்கின் பொத்தான்களையும் மறைப்பது, ஷீல்ட்ஸ் என்ற தடுப்புப் பகுதியில் விளம்பரத் தடுப்பை அக்ரெசிவ் ஆக்குவது, தனியுரிமைப் பகுதியின் டேட்டா கலெக்‌ஷனில் பி3ஏ (பிரேவின் பயன்பாட்டுப் புள்ளிவிவரச் சேகரிப்பு), தினசரிப் பயன்பாட்டுத் தகவல், கண்டறிதல் அறிக்கை மூன்றையும் அணைப்பது. ஏதாவது தளம் உடைந்தால் சிங்கச் சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் ஷீல்ட்ஸை இறக்கலாம். இதை மட்டும் பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுத்தால் போதும்.

#7 கரிசல்மண்

ஆலங்குடியான் சொன்னதில் நடைமுறை இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும். 2020இல் முகவரிப் பட்டையில் கிரிப்டோ வணிகத் தளங்களின் பெயரைத் தட்டும்போது பிரேவ் தன் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்து முகவரியை நிரப்பியது வெளியானது. நிறுவனம் தவறு என்று ஒப்புக்கொண்டு நிறுத்தியது. அதே 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத், உலாவிகள் தங்கள் நிறுவனங்களுக்கு என்ன அனுப்புகின்றன என்று அளந்து வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாகத் தகவல் அனுப்பியது பிரேவ். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி அடுத்த நிலை. எட்ஜும் யாண்டெக்ஸும் கடைசி. இரண்டுமே உண்மை. நிறுவனத்தின் வணிக நடத்தையும் உலாவியின் தொழில்நுட்ப நடத்தையும் தனித்தனியாக எடை போட வேண்டியவை.

பெரியவர்கள் விஷயத்தில் என் கவலை வேறு: சேஃப் பிரவுசிங். லிப்ரேவுல்ஃபில் அது அணைந்தே வருகிறது. மின்கட்டணம் பாக்கி, பார்சல் நிற்கிறது என்று வரும் போலி இணைப்புகளை அழுத்தக்கூடியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. போகும் ஒவ்வொரு முகவரியும் கூகுளுக்குப் போய்விடும் என்று பயந்து அணைக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் வகை உலாவிகளில் அது அப்படி நடப்பதில்லை. ஆபத்தான முகவரிகளின் சுருக்கக் குறியீடுகள் உங்கள் கணினிக்கே இறங்கி, ஒப்பீடு அங்கேயே நடக்கும். ஏதாவது பொருந்தினால்தான் அந்தக் குறியீட்டின் முதல் 32 பிட் மட்டும் வெளியே போய் முழுப் பட்டியலைக் கேட்கும். இறக்கிய கோப்புகளைச் சரிபார்ப்பதுதான் அதிகத் தகவல் அனுப்பும் பகுதி. வேண்டுமானால் அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை இயக்குங்கள். தனக்கென்று எடுக்கும் முடிவு வேறு, அம்மாவின் கணினிக்கு எடுக்கும் முடிவு வேறு.

#8 பனையோலை

நன்றி, கேட்டதற்கு மேலேயே கிடைக்கிறது. அடுத்த கேள்வி. கவர் யுவர் டிராக்ஸ் சோதனையில் பிரேவுக்கு "ரேண்டம் ஃபிங்கர்பிரின்ட்" என்று நல்ல பதில் வருகிறது. லிப்ரேவுல்ஃபுக்குத் தனித்துவமானது என்று வருகிறது. அப்படியானால் பிரேவ்தான் மேலா?

#9 நொச்சி

அந்த முடிவை அப்படிப் படிக்கக் கூடாது.

அது எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் நடத்தும் சோதனை. முன்பு பானோப்டிக்ளிக் என்று பெயர். 2010இல் பீட்டர் எக்கர்ஸ்லி அதன் தரவை வைத்து வெளியிட்ட ஆய்வில் 4,70,161 உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. ஃப்ளாஷ் அல்லது ஜாவா இருந்தவற்றில் 94.2 சதவீதம். சிக்கலின் அளவை உலகுக்குக் காட்டியது அது. ஆனால் "உங்கள் உலாவி இத்தனையில் ஒன்று" என்று சொல்லும்போது, அது ஒப்பிடுவது அந்தச் சோதனைக்கு வந்தவர்களோடு மட்டும். அங்கே வருபவர்கள் தனியுரிமையில் அக்கறை உள்ளவர்கள், அமைப்புகளை நோண்டுபவர்கள். இணையம் முழுவதன் மாதிரி அல்ல.

மேலும், லிப்ரேவுல்ஃபின் கேன்வாஸ் மதிப்பு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைக்கப்படுவது. முன்பு யாருக்கும் வந்திராத மதிப்பு என்பதால் "தனித்துவம்" என்ற கணக்கில் விழலாம். நாளை வேறு மதிப்பு வரும், இன்றையதோடு இணைக்க முடியாது. பார்க்க வேண்டியது எண்ணை அல்ல. உலாவியை மூடித் திறந்து மீண்டும் சோதித்து, எந்தெந்த மதிப்புகள் மாறாமல் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறாமல் நிற்பவற்றில் உங்களுக்கு மட்டும் உரியது ஏதாவது இருக்கிறதா? சாளர அளவு அதில் முக்கியம். பக்கவாட்டில் தாவல் பட்டை வைத்து, டாஸ்க்பாரை இடம் மாற்றி, பெரிதாக்கிய சாளரத்தின் உள் அளவு விசித்திரமான எண்ணாக இருக்கும். லெட்டர்பாக்சிங்கை இயக்கினால் பக்கத்தைச் சுற்றி சாம்பல் ஓரம் விட்டு, அளவைப் பலருக்கும் பொதுவான அளவு ஒன்றுக்குக் குறைத்துக் காட்டும். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

நேர மண்டலம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபிஎன் இல்லாமல் உலாவுபவரின் ஐபி முகவரியே அவர் எந்த நாடு என்று சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்டவர் நேரத்தை மட்டும் யூடிசி என்று காட்டுவதில் பெரிய லாபமில்லை. அவர்களுக்கு மாற்று வழி உண்டு. லிப்ரேவுல்ஃப் தாவலில் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்கை அணைத்துவிட்டு, அபவுட் கான்ஃபிக்கில் 'ஃபிங்கர்பிரின்டிங்புரொடெக்‌ஷன்' என்று தேடுங்கள். அந்தப் பெயரோடு முடியும் முதன்மை வரியை ட்ரூ ஆக்குங்கள். 'ஓவர்ரைட்ஸ்' என்று முடியும் வரியில் கூட்டல் குறியோடு ஆல்டார்கெட்ஸ், காற்புள்ளி, கழித்தல் குறியோடு ஜேஎஸ்டேட்டைம்யூடிசி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் உள்ளிடுங்கள். எல்லாத் தடுப்புகளும் இருக்கும், நேரம் மட்டும் உண்மையானதாக வரும். இருள் தோற்றமும் வேண்டுமானால் சிஎஸ்எஸ்பிரிஃபர்ஸ்கலர்ஸ்கீம் என்பதையும் அதேபோல் கழியுங்கள். ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங் இயங்கிக்கொண்டிருந்தால் இந்த வரிகளுக்கு எந்த விளைவும் இருக்காது. அது எல்லாவற்றையும் மேலிருந்து அழுத்திவிடும். மாற்றினேன் பலனில்லை என்று சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

#10 ஆலங்குடியான்

ஆனால் இப்படி ஆளுக்கொரு மாதிரி கழித்துக்கொண்டே போனால், எல்லாரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற நோக்கமே போய்விடாதா?

#11 கரிசல்மண்

போய்விடும். இந்த இழையில் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வியே இதுதான் என்பேன். கூட்டத்தில் ஒளிவதுதான் நோக்கம் என்றால் லிப்ரேவுல்ஃபை எடுத்து நோண்டக் கூடாது. முல்வாட் பிரவுசரை எடுத்து எதையும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். டோர் திட்டமும் முல்வாட் விபிஎன் நிறுவனமும் சேர்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்டது அது. டோர் பிரவுசரிலிருந்து, ஐபியை மறைக்கும் டோர் வலையமைப்பை மட்டும் கழற்றிய வடிவம். எப்போதும் பிரைவேட் முறையில்தான் ஓடும், லெட்டர்பாக்சிங் இயங்கியே வரும், யூபிளாக் ஆரிஜினும், தளங்களின் ஸ்கிரிப்ட்களைக் கட்டுப்படுத்தும் நோஸ்கிரிப்டும் உள்ளே இருக்கும். லினக்ஸில் நோட்டோ எழுத்துருக்களையும் தன்னோடே கொண்டு வருவதால் ஒவ்வொருவர் கணினியிலும் தமிழ் ஒரே வடிவில் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மட்டும், கைபேசிக்குக் கிடையாது. முல்வாட் சந்தா இல்லாமலும் பயன்படுத்தலாம். ஆனால் ஐபி முகவரியை மறைக்க ஏதோ ஒரு விபிஎன் இல்லையென்றால் அதன் பாதிப் பயன் வீண்.

லிப்ரேவுல்ஃபின் உண்மையான பலம் வேறு இடத்தில். தளம் தாண்டித் தொடரும் குக்கீகளை நறுக்குவது, விளம்பர வலைப்பின்னல்களைத் தடுப்பது, மூடும்போது துடைப்பது, எந்த நிறுவனத்துக்கும் பயன்பாட்டுத் தகவல் அனுப்பாமல் இருப்பது. இவற்றுக்கு எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய தேவையில்லை. ஆகவே நேர மண்டலத்தைக் கழிப்பதால் இவை எதுவும் குறையாது. வேலையை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன். உள்நுழைந்து செய்யும் வேலைகள், அதாவது வங்கி, அரசுப் படிவம், மின்னஞ்சல், எல்லாம் சாதாரண ஃபயர்ஃபாக்ஸில். அங்கே தளத்துக்கு உங்களை ஏற்கெனவே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. படிப்பதும் தேடுவதும் லிப்ரேவுல்ஃபில். உடல்நலம், சட்டம், வேலை மாற்றம் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தேடுபவை முல்வாட் அல்லது டோரில். வங்கியை டோரில் திறக்காதீர்கள். வேறு நாட்டிலிருந்து வரும் நுழைவு என்று பார்த்துக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

#12 கடலோரம் (யாழ்ப்பாணம்)

பாமினி விளக்கத்துக்கு மிக்க நன்றி. நல்லாய் விளங்கிற்று. கைபேசிக்கு என்ன செய்யிறது?

#13 தெற்குவாசல்

ஆண்ட்ராய்டில் லிப்ரேவுல்ஃப் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தாலே பெரிய மாற்றம் தெரியும். இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸ் வழி வந்த அயர்ன்ஃபாக்ஸ். முன்பு பலர் வைத்திருந்த மல் என்ற உலாவி, 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் கைபேசியில் இருந்தால் நீக்கிவிடுங்கள், பாதுகாப்புத் திருத்தம் வராது.

#14 பனையோலை

ரயில் நிலைய வைஃபையில் ஓடிபி பக்கமே வரவில்லை என்று ஒரு புகாரைப் பார்த்தேன். விடுதி வைஃபையிலும் இதே. காரணம் என்ன? இன்னொன்று: வங்கி இல்லாத சில தளங்களுக்கு மட்டும் குக்கீ அழியாமல் இருக்க விதிவிலக்கு கொடுத்தாலும் மூடித் திறந்தால் வெளியேறியே இருக்கிறது என்கிறார்கள்.

#15 நொச்சி

வைஃபை: ஃபயர்ஃபாக்ஸ் திறந்தவுடன் மொசில்லாவின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்து, இடையில் உள்நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும். அதுவும் வெளியே போகும் ஒரு தகவல் என்பதால் லிப்ரேவுல்ஃபில் எடுத்துவிட்டார்கள். எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற அமைப்பும் இருப்பதால் வைஃபை நடத்துபவர் உங்களைத் திருப்பிவிட முடியாது. எச்டிடிபிஎஸ் இல்லாத நெவர்எஸ்எஸ்எல் தளத்தின் முகவரியைத் தட்டி, எச்சரிக்கை வந்தால் எச்டிடிபி தளத்துக்குத் தொடரவும் என்ற பொத்தானை அழுத்துங்கள். ஓடிபி பக்கம் வரும். அப்போதும் வராவிட்டால், டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் வினவலை மறையாக்கி அனுப்புவது) பகுதியில் மேக்ஸ் புரொடெக்‌ஷன் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். உள்நுழையும் வரை வெளி டிஎன்எஸ் சேவையகத்தை அடைய முடியாது, மேக்ஸ் நிலையில் உள்ளூர் டிஎன்எஸ்ஸுக்கு இறங்கவும் மாட்டாது. தற்காலிகமாக ஆஃப் செய்து, நுழைந்தபின் திரும்ப வையுங்கள்.

குக்கீ: பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில், குக்கீகள் பகுதியில் மேனேஜ் எக்செப்ஷன்ஸ் அழுத்தி, முகவரியை எச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு உள்ளிட்டு, அலவ் அழுத்தி, கடைசியில் சேவ் சேஞ்சஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் பொத்தானை விட்டுவிட்டு மேலே இருக்கும் பெருக்கல் குறியில் மூடுபவர்கள் அதிகம். அதற்கு மேலும் அழிந்தால் இரண்டு காரணங்கள். உள்நுழைவு வேறு முகவரியில் நடக்கும் தளங்களுக்கு அந்த முகவரியையும் சேர்க்க வேண்டும். உள்நுழையும்போது முகவரிப் பட்டையைக் கவனித்தால் தெரியும். இரண்டாவது, மூடும்போது அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சைட் செட்டிங்ஸ் டிக் ஆகியிருக்கும். விதிவிலக்குப் பட்டியல் சேமிக்கப்படுவதே அதற்குள்தான். அதைத் துடைக்கச் சொன்னால் விதிவிலக்கும் சேர்ந்து போகும்.

#16 பனையோலை

சைட் செட்டிங்ஸ் டிக்தான். எடுத்ததும் நிற்கிறது. கடைசியாக ஒன்று: மின்டில் எக்ஸ்ட்ரெப்போ வழியாகவே போட்டேன். கீபாஸ்எக்ஸ்சியில் பிரவுசர் இன்டக்ரேஷனை இயக்கி ஃபயர்ஃபாக்ஸையும் டிக் செய்தாயிற்று. நீட்சி மட்டும் "இணைக்க முடியவில்லை" என்கிறது.

#17 தெற்குவாசல்

கீபாஸ்எக்ஸ்சி தன் தொடர்புக் கோப்பை ஃபயர்ஃபாக்ஸ் தேடும் இடத்தில் எழுதுகிறது; லிப்ரேவுல்ஃப் வேறு இடத்தில் தேடுகிறது. ஹோம் கோப்புறையில் கன்ட்ரோல், எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியும். புள்ளி மொசில்லா கோப்புறைக்குள் நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கும். புள்ளி லிப்ரேவுல்ஃப் கோப்புறைக்குள் அதே பெயரில் அதைச் சுட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க் (குறுக்குவழி) போடுங்கள். முனையத்தில் எல்என் கட்டளையோடு எஸ் தேர்வு, முதலில் மொசில்லா பாதை, பிறகு லிப்ரேவுல்ஃப் பாதை. அங்கே அதே பெயரில் வெற்றுக் கோப்புறை ஏற்கெனவே இருந்தால் முதலில் நீக்குங்கள், இல்லையென்றால் லிங்க் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிழை அப்படியே இருக்கும். நகல் எடுத்து ஒட்டாமல் லிங்க் போடச் சொல்வது, கீபாஸ்எக்ஸ்சி அந்தக் கோப்பைத் திருத்தி எழுதும்போது மாற்றம் இங்கேயும் வர வேண்டும் என்பதற்காக. முடித்ததும் உலாவியை முழுவதும் மூடித் திறந்து, கீபாஸ்எக்ஸ்சியில் தரவுத்தளத்தைத் திறந்த நிலையில் வைத்து, நீட்சியில் கனெக்ட் அழுத்துங்கள். இணைப்புக்கு ஒரு பெயர் கேட்கும். ஃபயர்ஃபாக்ஸுக்குக் கொடுத்த பெயரை இதற்கும் கொடுக்காமல் வேறு பெயர் வையுங்கள். ஒரே பெயர் வைத்தால் இதன் சாவி அதன் சாவியின் மேல் எழுதப்பட்டு, அங்கே இணைப்பு அறுந்துவிடும்.